செயின்சா வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

"அண்ணே, மரம் சாய்க்கிற வேலை கெடைச்சிருக்கு. நல்ல பவரான மெஷினா ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்?"

பழைய பால்மரக் காடுகளை அழித்து மறுநடவு நடக்கும் பக்கம் நாம் போனால், இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. கேட்பவர்களில் பலர் ஒரு காலத்தில் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் காண்ட்ராக்டரிடம் மரம் வெட்டப் போகிறார்கள். சிலர் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். இன்னும் சிலர் செங்கல் சூளைக்கும், கோயில் அன்னதானத்துக்கும், கல்யாணச் சமையலுக்கும் விறகு வெட்டிப் பிழைப்பவர்கள். எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான்: மெஷின் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வேலை ஓடும், அவ்வளவு காசு வரும்.

இந்த எண்ணத்தில் பாதி சரி. மறு பாதியை நம்பிப் போனவர்கள் காலில் தையல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே எந்த மரத்துக்கு எந்த மெஷின், கடையில் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்கமாகச் சொல்கிறோம். கடைசியில், யாரும் கேட்காத ஒரு கேள்வியையும் நாமே கேட்கப் போகிறோம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

கோடாரியிலிருந்து செயின்சா வரை

நம் பாட்டன் காலத்தில் மரம் சாய்க்கக் கோடாரியும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பமும்தான். 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அதன் எடை சுமார் 48 கிலோ; அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். 1929இல் பெட்ரோலில் ஓடும் மெஷின் வந்தது. பிறகு எடை குறைந்து குறைந்து, ஒற்றை ஆள் பிடிக்கும் கருவியாக நம் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

நாம் சாய்த்த பால்மரங்கள் எங்கெங்கோ போயின. புகைக் கொட்டகையில் ஷீட்டு காய வைக்க எரிந்தன. லயத்து அடுப்பில் எரிந்தன. பிறை நகரில் மலாயாவாத்தா இரும்பு ஆலை 1967இல் தொடங்கியபோது, அதன் உலைக்குப் பால்மரக் கரிதான் எரிபொருள். பிற்காலத்தில் அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது. இன்று நடுமரத்தைப் பலகை ஆலைக்காரர் எடுத்துக்கொள்கிறார். கிளையும் நுனியும்தான் விறகுக்கு மிஞ்சுகிறது. மெஷின் வாங்கும்போது இதை மனத்தில் வையுங்கள். சாய்க்கிற வேலை ஒன்று, விறகு துண்டு போடுகிற வேலை வேறொன்று.

முதலில் மரத்தை அளந்து பாருங்கள்

கடைக்காரர் "கடின மரம்" என்று சொன்னவுடனே மிரண்டு போகாதீர்கள். இந்த நாட்டு மரக் கணக்கில் பாலாவ், மெர்பாவ் போன்றவை கனமான கடின மரங்கள். கெம்பாஸ் நடுத்தரம். மெராந்தியும் நம்முடைய பால்மரமும் இலேசான கடின மரங்கள். காய்ந்த பால்மரப் பலகை ஒரு கன மீட்டர் 560 முதல் 640 கிலோ வரை எடை வரும். பாலாவ் 850 கிலோவுக்கு மேல். இரண்டுக்கும் ஒரே மெஷின் வேண்டும் என்று சொல்பவர் உங்கள் நன்மையைப் பார்த்துச் சொல்லவில்லை. தம் கடை வியாபாரத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

அடுத்தது மரத்தின் பருமன். இளம் மரத்தை வெட்டுக்குத் திறக்கலாமா என்று 45, 50 செண்டிமீட்டர் சுற்றளவு அளந்து பார்த்தவர்கள் நாம். அதே நாடாவை எடுங்கள். சாய்க்கப் போகும் கிழட்டு மரங்களில் பத்தை அளந்து, சுற்றளவை மூன்றால் வகுத்தால் குறுக்களவு கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரு மீட்டர் சுற்றளவு உள்ள பால்மரத்தின் குறுக்களவு 32 செண்டிமீட்டர்தான். செயின் ஓடும் நீளத் தகட்டைத்தான் பார் என்கிறோம். அது குறுக்களவைவிட ஐந்தாறு செண்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். ஆக, இந்த மரத்துக்கு 16 அங்குலமோ 18 அங்குலமோ தாராளம். இதற்குப் போய் 30 அங்குலப் பாரை மாட்டிக்கொண்டு அலைவது, கோழியறுக்க வெட்டுக்கத்தி எடுத்த கதை.

எஞ்சின் அளவைப் பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

விறகு துண்டு போடவும் கிளை கழிக்கவும்: 40 முதல் 50 சிசி, 16 அங்குலப் பார்.

பால்மரம் நாள் முழுதும் சாய்க்க: 50 முதல் 70 சிசி, 18 அல்லது 20 அங்குலப் பார்.

பருத்த டுரியான் மரம், கெம்பாஸ், பாலாவ் போன்றவற்றுக்கு: 70 முதல் 90 சிசி, 25 அங்குலமும் அதற்கு மேலும்.

சின்ன எஞ்சினில் நீளப் பாரை மாட்டச் சொல்லிச் சிலர் யோசனை கொடுப்பார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் திணறும், கிளட்ச் கருகும், செயின் பாதி மரத்தில் நின்றுவிடும். கோபத்தில் நீங்கள் அழுத்துவீர்கள். விபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

செம்பனை மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கட்டை மரமே இல்லை, ஈர நார். எத்தனை கூர்மையான செயினும் சீக்கிரம் மழுங்கிப் போகும். பெரிய செம்பனைக் காடுகளில் இந்த வேலையை மண்வாரி இயந்திரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அதற்கென்று யாரும் செயின்சா வாங்க வேண்டாம்.

சக்தி எது, பாரம் எது?

பழைய ஆட்கள் 070 என்று சொன்னாலே கண் விரியும். பெருங்காட்டு மரங்களைச் சாய்த்த ஸ்டீல் கம்பெனி மெஷின் அது. எஞ்சின் சுமார் 106 சிசி. பாரும் செயினும் மாட்டினால் பத்துக் கிலோவுக்கு மேல். அதன் உழைப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைய கணக்கைப் பாருங்கள். அதே கம்பெனியின் எம்.எஸ். 661 மாடல் 91 சிசி; 5.4 கிலோவாட் சக்தி. பாரும் பெட்ரோலும் இல்லாமல் எடை ஏழரைக் கிலோவுக்குள். எம்.எஸ். 381 மாடல் 72 சிசி, 3.9 கிலோவாட், 6.6 கிலோ. விறகுக்குப் பொருந்தும் எம்.எஸ். 250 மாடல் 45 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா போன்ற மற்றக் கம்பெனிகளிலும் இதே தரத்தில் மெஷின்கள் உண்டு. எந்தக் கம்பெனிக்கும் நாம் தரகு பேசவில்லை. கணக்குப் பார்க்கப் பழகுங்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

பெட்டியின்மேல் சிசி பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது கிலோவாட்டும் கிலோவும். ஒரு கிலோ பாரத்துக்கு எத்தனை கிலோவாட் கிடைக்கிறது என்று பாருங்கள். காலை ஏழு மணிக்குத் தூக்கும்போது எல்லா மெஷினும் இலேசுதான். பகல் இரண்டு மணிக்கு, மேட்டு நிலத்தில், வியர்வையில் கை வழுக்கும்போது ஒரு கிலோ அதிகமானாலும் அது பத்துக் கிலோவாகத் தெரியும். களைத்த கைதான் பாரின் நுனியை எங்கேயாவது இடித்துவிடுகிறது.

பிரேக் இல்லாத மெஷினைத் தொடாதீர்கள்

செயின் ஒரு நொடியில் இருபது மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பாரின் நுனியில் மேல்பக்கக் கால்வாசி ஒரு கட்டையில் பட்டால், மெஷின் துள்ளி ஆளின் முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். இதைத்தான் நம் ஆட்கள் "உதை" என்கிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். "நாம புடிச்சுக்கலாம்" என்பதெல்லாம் வெறும் பேச்சு.

இந்த உதைக்காகத்தான் 1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக் வந்தது. முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தடுப்பு, கை பட்டோ துள்ளலின் வேகத்திலோ முன்னுக்குச் சாய்ந்தால் செயின் உடனே நிற்கும். பழைய 070 மெஷினில் இந்தப் பிரேக் இல்லை. அதே உருவத்தில் வேறு வேறு பெயர் ஒட்டி மலிவாக விற்கும் மெஷின்களும் சந்தையில் உண்டு. "ஆயிரம் வெள்ளி மிச்சம்" என்று ஆசை காட்டுவார்கள். அந்த ஆயிரம் வெள்ளி உங்கள் கழுத்தின் விலை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

ஒன்று: எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை முன்னுக்குத் தள்ளி, கையுறையோடு செயினை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. பிரேக்கை விடுவித்தால் தாராளமாக ஓட வேண்டும்.

இரண்டு: பின்கைப்பிடியின் மேல் இருக்கும் பூட்டை உள்ளங்கை அழுத்தாமல், விசையை மட்டும் விரலால் இழுங்கள். இழுபடக் கூடாது.

மூன்று: அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, மெஷினின் அடிப்பக்கத்தில் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத் துண்டுதான், வலக்கையைக் காப்பாற்றுவது அதுதான்.

நான்கு: கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்கிறதா என்று கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள்.

ஐந்து: பெருவிரல் எட்டும் இடத்திலேயே நிறுத்தும் சுவிட்சு இருக்க வேண்டும்.

கை மரத்துப் போகிறதா?

நாலாவது சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதன் கேடு உடனே கண்ணுக்குத் தெரியாது. அதிர்கிற மெஷினை வருடக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு விரல் நரம்பும் இரத்தக் குழாயும் கெடுகின்றன. குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப் போவதால் அதற்கு "வெள்ளை விரல்" என்று பெயர். நம் வெயில் நாட்டில் விரல் அவ்வளவாக வெளுப்பதில்லை. மரத்துப் போகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, பிடி தளர்கிறது. இராத்திரியில் கை விறுவிறுத்துத் தூக்கம் போகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நம் ஆட்கள் இதை "வாதம்" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள்.

அருமைச் சகோதரர்களே, இது தைலத்துக்கு அடங்காது. அதிர்வால் வரும் நோய், சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது "செயின்சா பிடிக்கிறேன், இத்தனை வருஷமா பிடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சத்தமும் அப்படித்தான். இந்த மெஷின்கள் நூறு டெசிபலைத் தாண்டிக் கத்துகின்றன. 2019ஆம் ஆண்டின் சத்த விதிகள் ஒரு நாள் வேலைக்கு 85 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. காதில் பஞ்சு வைத்தால் போதாது. காதை முழுக்க மூடும் கவசம் வேண்டும். தலைக்கவசம், கண்ணுக்கு வலை, செயின் பட்டால் நூல் பிரிந்து பல்லைச் சிக்க வைக்கும் காலுறைத் துணி, உறுதியான பூட்ஸ், எல்லாவற்றையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். சிலிப்பரோடும் அரைக்கால் சட்டையோடும் செயின்சா பிடிக்கிற காட்சி இனி நம் கண்ணில் படக் கூடாது.

செயினும் அரமும்

சக்தி எஞ்சினில் இருந்தாலும் வெட்டுவது பல்தான். மழுங்கிய செயின் மாட்டிய 90 சிசி மெஷினை, கூரான செயின் மாட்டிய 50 சிசி மெஷின் தோற்கடித்துவிடும். தூள் சீவலாகப் பறந்தால் செயின் கூர். மாவாக உதிர்ந்தால் மழுக்கம். நிறுத்தி அரம் போடுங்கள்.

பால்மரத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. மங்கு தாங்கிய கம்பி, தகரப் பீலி, ஆணி எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். சில மரத்தில் பட்டை மூடி வெளியே தெரியவே தெரியாது. பால் வெட்டியவனுக்குத்தான் அவை எங்கே இருக்கும் என்று தெரியும். சாய்க்கும் முன் வெட்டுப் பட்டையைச் சுற்றிப் பார்த்துப் பிடுங்குங்கள். மண்ணும் பால் பிசுக்கும் ஒட்டுகிற இடத்தில், முனை கூரான பல்லைவிட முனை கொஞ்சம் உருண்ட பல் நெடுநேரம் தாங்கும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அரத்தின் அளவும் செயினைப் பொறுத்தது. .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், முக்கால் அங்குலத்தில் பாதியான 3/8 செயினுக்குப் பெரும்பாலும் 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர். மெஷின் புத்தகத்தில் சொன்ன அளவுதான் கடைசித் தீர்ப்பு. பெட்ரோல் கலவை 50க்கு 1 என்றால், ஐந்து லிட்டருக்கு 100 மில்லி டூஸ்ட்ரோக் எண்ணெய். கண்ணளவில் ஊற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். லாரியில் வடித்த கறுப்பு எண்ணெயைச் செயினுக்கு ஊற்றாதீர்கள். பாரும் கெடும், அது தெறிக்கும் உங்கள் தோலும் கெடும்.

இன்னொன்று. பக்கத்துப் பட்டணத்தில் பாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு சக்தியாக இருந்தாலும் பயனில்லை. செயின், பார், பிளக், காற்று வடிகட்டி இவை நாலும் அந்தக் கடையில் இருப்பு இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

மூன்று நாலு பேர் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு நம் யோசனை இது: ஆளுக்கொரு பெரிய மெஷின் வேண்டாம். சாய்க்க 60 சிசி அளவில் ஒன்று. கிளை கழிக்கவும் விறகு போடவும் 45 சிசி அளவில் ஒன்று. கூட்டாக வாங்குங்கள், மாறி மாறிப் பிடியுங்கள். கைக்கும் ஓய்வு கிடைக்கும். வீட்டுப் பக்கத்தில் கிளை விறகு மட்டும் துண்டு போடுகிறவர்களுக்குப் பாட்டரி மெஷினே போதும். ஒரு ஆள் மரம் சாய்க்கும்போது மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். தனியாக மட்டும் யாரும் காட்டுக்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

யாரும் கேட்காத கேள்வி

இவ்வளவும் சொன்ன பிறகு நாம் கேட்கிறோம்: இந்த மெஷினை நீங்கள் ஏன் வாங்க வேண்டும்?

சொந்த நிலத்துக்கும் சொந்தத் தொழிலுக்கும் என்றால் சரி. ஆனால் காண்ட்ராக்டர் "மெஷின் வச்சிருந்தாத்தான் வேலை" என்கிறார். கையில் காசு இல்லாவிட்டால் தாமே வாங்கிக் கொடுத்து, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார். பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மெஷின் 2,400 வெள்ளி. இரண்டு வருடம் உழைக்கும் என்றால் மாதம் 100 வெள்ளி. அதன்மேல் பெட்ரோல், எண்ணெய், செயின், பார், ரிப்பேர். மழை நாளில் வேலை இல்லை. பிடித்தம் மட்டும் உண்டு. ஒரு டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று அவர் சொல்லும் கூலியில் இதையெல்லாம் கழித்துப் பார்த்தீர்களா? கழித்தால் மிஞ்சுவது கூலியா, கடனா?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, பாதுகாப்பான இயந்திரமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. இந்தச் சட்டப்படி செய்து தர வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 26ஆவது பிரிவு சொல்கிறது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதைத் தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு வரையறுக்கிறது. "நீ என் ஆள் இல்லே, காண்ட்ராக்டு" என்று கைகழுவுவதற்கும் வழி குறைந்துவிட்டது. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம், தன் சொற்படி வேலை செய்யும் காண்ட்ராக்டர்களையும் அவர்களுடைய ஆட்களையும் காக்கும் கடமையை வேலை கொடுத்தவர்மீதும் வைத்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் இப்போது தொழிலாளிக்கு உண்டு.

உண்மையிலேயே சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் நிராதரவாக இல்லை. 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020 முதல் விவசாயம், காட்டு வேலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. மெஷின் வாங்கும் அன்றே சொக்சோ அலுவலகத்துக்கும் போய்ப் பெயரைப் பதியுங்கள். மெஷினுக்கு உத்தரவாதச் சீட்டு வாங்குகிற நாம், அதைப் பிடிக்கிற கைக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டாமா?

ஆகவே வேலைக்குக் கூப்பிடும் காண்ட்ராக்டரிடம் மூன்று கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள். மெஷின் யாருடையது? பெட்ரோலும் செயினும் யார் செலவு? அடிபட்டால் சொக்சோ யார் பெயரில்? பதிலைத் துண்டுத் தாளிலாவது எழுதி வாங்குங்கள். ஒருவர் கேட்டால் "வேறே ஆள் பாத்துக்கிறேன்" என்பார். கோஷ்டியில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து கேட்டால், கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவார். இது நாம் பல இடத்தில் கண்ட உண்மை.

மரம் சாய்ந்தால் மறுநடவு உண்டு. சாய்ந்த மனிதனின் குடும்பத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. பவர் பார்த்து வாங்குங்கள். பிரேக் பார்த்து வாங்குங்கள். வாங்க வேண்டியவர் யார் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.